ஜிம்முக்கு வராத கால் கோர்ட்டுக்கு ஓடுவது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் ஒரே ஆள் அல்ல. ஜிம்மில் சேர்ந்து சேர்ந்து நின்றுபோனவர்களிடமும், ஆட்டத்துக்குப் போய்க் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களிடமும் திரும்பத் திரும்பத் தெரிகிற ஒரு போக்கை ஒரே ஆளின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். அவருடைய வருகை, எடை, வாரக் கணக்கு எல்லாம் விளக்கத்துக்கான மாதிரி எண்கள். ஆய்வுகளின் பெயரில் வரும் எண்கள் அந்தந்த ஆய்வுக்குச் சொந்தமானவை.

ஆள் 38 வயது ஆண். எடை 82 கிலோ. நாளெல்லாம் நாற்காலி வேலை. இதயக் கோளாறோ சர்க்கரையோ இல்லை. கல்லூரி நாட்களில் பேட்மின்டன் ஆடியவர். அதன்பின் பதினைந்து வருடம் ராக்கெட்டைத் தொடவில்லை. கடந்த 3 ஆண்டுகளில் 3 முறை ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். மூன்று முறையும் வருகைப் பதிவு ஒரே மாதிரி சரிகிறது: முதல் மாதம் 14 நாள், இரண்டாம் மாதம் 8, மூன்றாம் மாதம் 3, நான்காம் மாதம் பூஜ்யம். காரணம் கேட்டால் "சோம்பேறித்தனம்தான், வேறென்ன" என்கிறார். ஆனால் இதே ஆள் ஒரு பேட்மின்டன் குழுவில் சேர்ந்த முதல் 8 வாரங்களில், 16 ஆட்ட நாட்களில் 15 நாள் வந்திருக்கிறார். சோம்பேறி என்றால் இரண்டு இடத்திலும் அல்லவா சோம்பேறியாக இருக்க வேண்டும்? அதனால் அவர் சொன்ன காரணத்தை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய ஜிம் அட்டையை எடுத்துப் பார்க்கிறோம்.

அட்டையில் இருந்தது என்ன

வாரம் 6 நாள். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் கால் என்று உடம்பைப் பங்கு போட்ட பட்டியல். ஒரு நாளைக்கு 5 பயிற்சி, ஒவ்வொன்றிலும் 4 செட், அதாவது நடுவில் ஓய்வு விட்டு 4 சுற்று. கடைசியில் ட்ரெட்மில்லில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம். மொத்தம் 90 நிமிடத்துக்குக் குறையாது. இலக்கு: 8 கிலோ குறைக்க வேண்டும்.

இதில் முதலில் உடைவது கால் நாள். பழக்கமில்லாத தசைக்கு முதல் நாளே 20 செட் கொடுத்தால், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டிவரும். அந்த வலி தீங்கானதல்ல. அதே பயிற்சியைக் குறைந்த அளவில் ஒருமுறை செய்துவைத்தாலே அடுத்த முறை வலி நன்றாகக் குறைந்துவிடும். முதல் இரண்டு வாரம் பயிற்சிக்கு 2 செட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது. நிறுத்தவில்லை. அடுத்த புதன்கிழமை அவருக்கு அலுவலகத்தில் திடீரென்று வேலை வந்துவிடுகிறது. பங்கு போட்ட பட்டியலில் ஒரு புதன் விட்டுப்போனால் அந்த வாரத்தில் காலுக்குப் பயிற்சியே கிடையாது. தொடர்ந்து பல புதன் போனால் கால் திரும்பப் புதுசாகிவிடும். மறுபடி அதே வலி.

இரண்டாவது உடைப்பு எடை இயந்திரத்தில். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எடைப்பயிற்சியும் கொஞ்சம் ஓட்டமும் கலந்த ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 5 மெட் என்று வைப்போம். ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் அளவு, அதாவது கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 கிலோ கலோரி. 82 கிலோவுக்கு 5 மெட் என்றால் மணிக்கு 410. சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் 82-ஐக் கழித்தால் நிகரம் 328. முதல் மாதம் 14 நாள் வந்தார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உருப்படியான வேலை என்று கொண்டால் 4,592. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கிலோ கலோரி. ஆக, சாப்பாடு துளியும் மாறாவிட்டால், வியர்த்து விறுவிறுத்த ஒரு மாதத்துக்குப் பலன் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். தண்ணீரும் உப்பும் மட்டுமே ஒரே நாளில் ஒன்று இரண்டு கிலோ ஏற்றி இறக்கும். அந்த ஆட்டத்துக்குள் அரைக் கிலோ இருக்கும் இடமே தெரியாது. எடை இயந்திரத்தை நடுவராக வைத்தவர், தான் தோற்றுவிட்டதாகவே ஒவ்வொரு மாதமும் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இதற்கு நடுவில் அவருடைய ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி, 20 கிலோவிலிருந்து 40-க்கு ஏறியிருந்தது. அதை எழுதிவைக்க அட்டையில் இடமே இல்லை.

மூன்றாவது, ட்ரெட்மில். மணிக்கு 9 கி.மீ. என்பது ஓடிப் பழகியவருக்கு நிதானம். இவருக்கு மூச்சுத் திணறும் வேகம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் சுவாச எல்லையைத் தாண்டியாகிவிட்டது என்று பொருள். அந்த எல்லைக்குக் கீழே உடற்பயிற்சி ஆளுக்கு ஆள் வெவ்வேறு விதமாக இருக்கும், சிலருக்கு இனிக்கும், சிலருக்கு இனிக்காது. எல்லைக்கு மேலே போனால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே கசக்கும். உடற்பயிற்சி உளவியல் ஆய்வாளர் பான்டெலெய்மோன் எக்கெகாகிஸ் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது இதைத்தான். போதாக்குறைக்கு அந்தக் கசப்பு பயிற்சியின் கடைசியில் வைக்கப்பட்டிருக்கிறது. 2016-இல் ஜென்கோ, எக்கெகாகிஸ், ஆரியலி மூவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு சைக்கிளை லேசாகத் தொடங்கிக் கடினமாக முடித்தது. மற்றக் குழு கடினமாகத் தொடங்கி லேசாக முடித்தது. இறங்குமுகமாக முடித்தவர்களுக்குத்தான் அந்த அனுபவம் பின்னால் நினைத்துப் பார்க்கும்போதும் இதமாக இருந்தது. ஆக, ஜிம் வாசலில் இவர் தயங்குவது அந்த 20 நிமிடத்தை நினைத்துத்தான்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அதை அட்டையை மாற்றித் தீர்க்க முடியாது. 5 பயிற்சி, 4 செட் என்றால் ஒரு நாளில் 20 முறை "இப்போது ஆரம்பி" என்று தனக்குத் தானே உத்தரவு போட வேண்டும். எந்த எடை, செட்டுக்கு எத்தனை ரெப் (எத்தனை தடவை), எவ்வளவு ஓய்வு, இதோடு போதுமா என்பதெல்லாம் அவர் தலையில். நடுவில் கிளம்பிவிட்டால் கேட்க ஆள் இல்லை. வராமல் போனாலும் ஒரு நாற்காலிகூடக் காலியாகத் தெரியாது. சந்தா கட்டியிருப்பது இழுத்துக்கொண்டு வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; இழுப்பதில்லை. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் வந்தார்கள். 10 வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் அவர்களுக்கு மலிவாக முடிந்திருக்கும். நாளைக்கு நாம் எப்படி இருப்போம் என்பதை நாமே எப்போதும் கூட்டித்தான் மதிப்பிடுகிறோம்.

ராக்கெட் கைக்கு வந்த பிறகு

நான்கு பேர் கொண்ட குழு. வாரம் 2 மாலை, 90 நிமிடம், டபுள்ஸ். 8 வாரத்தில் 15 வருகை.

இங்கே என்ன மாறியது? ஷட்டில் வருகிறது, அடிக்க வேண்டும். 21 புள்ளி ஆட்டத்தில் 30, 40 முறை ஆட்டம் தொடங்கி நிற்கும். அதில் ஒருமுறைகூட "ஆரம்பிக்கலாமா" என்ற கேள்வி அவரிடம் வருவதில்லை. எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், எத்தனை முறை என்பதை எதிரே நிற்பவர் முடிவு செய்கிறார். இவர் வராவிட்டால் மற்ற மூவருக்கும் ஆட்டம் கெடும். ஏழு மணிக்கு முன்பே போன் வரும். அடித்த ஷாட் உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற தீர்ப்பு ஒரு நொடியில் கிடைத்துவிடுகிறது. அரைக் கிலோவுக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாட்டில் மனிதருக்கு மூன்று தேவைகள் சொல்லப்படுகின்றன: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, திறமை கூடுகிறது என்ற உணர்வு, மனிதர்களோடு ஒட்டியிருக்கிறோம் என்ற உணர்வு. இந்த மூன்றும் கிடைத்தால் செயலுக்காகவே செயலைச் செய்வோம். ரயனும் கூட்டாளிகளும் 1997-இல் டேக்வாண்டோ கற்றவர்களையும் ஏரோபிக்ஸ் வகுப்புக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். டேக்வாண்டோக்காரர்கள் ரசிப்புக்காகவும் திறமைக்காகவும் வந்தார்கள். ஏரோபிக்ஸ்காரர்களிடம் உடல் தோற்றம் என்ற காரணம் மேலோங்கியிருந்தது. தொடர்ந்து வந்தவர்களும் டேக்வாண்டோக்காரர்களே. இதை "விளையாட்டு உயர்ந்தது, ஜிம் தாழ்ந்தது" என்று படிக்கக் கூடாது. எதற்காக வருகிறோம் என்பது எவ்வளவு நாள் வருவோம் என்பதைத் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான்.

கோபன்ஹேகன் நகர இதய ஆய்வும் இந்தப் பேச்சில் அடிக்கடி இழுக்கப்படும். 2018-இல் வெளியான அந்தக் கணக்கில், சுமார் 8,500 பேரை 25 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்ததில், அசையாமல் இருப்பவர்களைவிட டென்னிஸ் ஆடுபவர்கள் 9.7 ஆண்டும், பேட்மின்டன் ஆடுபவர்கள் 6.2 ஆண்டும், கால்பந்து ஆடுபவர்கள் 4.7 ஆண்டும், மெல்லோட்டக்காரர்கள் 3.2 ஆண்டும், ஜிம் போகிறவர்கள் 1.5 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. கூட்டாளிகளோடு ஆடும் ஆட்டங்கள் மேலே நிற்பது கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் இது கவனித்துப் பார்த்த ஆய்வு. குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. டென்னிஸ் ஆட நேரமும் வசதியும் உள்ளவர் வேறு வகையிலும் நன்றாக இருந்திருக்கலாம். இந்த எண்களைக் காட்டி யாரையும் ஜிம்மிலிருந்து வெளியே இழுக்க வேண்டாம்.

ஏழாவது வாரம்

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். ஜிம்மில் இவருக்கு அது சரியாகப் பொருந்தியது. கோர்ட்டில் கதை தலைகீழானது: ஐந்தாவது வாரத்தில் ஆசை கூடிவிட்டது. குழு ஆடும் 2 நாள் போக, வேறொரு குழுவில் 3 நாள். ஏழாவது வாரம் காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் இடது குதிகாலுக்கு மேலே விறைப்பு. நடந்தால் சரியாகிவிடுகிறது. அதனால் அன்று மாலையும் ஆடுகிறார். பத்து நாளில் கெண்டைக்கால் தொடங்குமிடம் வரை பிடித்துக்கொள்கிறது.

உழைப்பின் கணக்கைப் பார்த்தால் காரணம் ஒளிந்திருக்கவில்லை. கார்ல் ஃபாஸ்டரின் எளிய முறை இது: ஆட்டம் முடிந்த அரை மணியில் "எவ்வளவு கஷ்டமாக இருந்தது" என்று 10-க்கு ஒரு எண் சொல்ல வேண்டும்; அதை நிமிடத்தால் பெருக்க வேண்டும். தொடக்கத்தில் 2 நாள், 90 நிமிடம், கஷ்டம் 6. வாரச் சுமை 1,080. ஏழாவது வாரம் 5 நாள், 90 நிமிடம், கஷ்டம் 7. வாரச் சுமை 3,150. இரண்டே வாரத்தில் மூன்று மடங்கு. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அப்படியல்ல. அதற்கு மாதக்கணக்கு வேண்டும். முன்னால் பழகியது பின்னால் பழகுவதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பேட்மின்டனில் பின்மூலைக்குப் போய் ஒற்றைக்காலில் ஊன்றித் திரும்ப உந்தும் அசைவின் பாரம் பெருமளவு குதிகால் தசைநாண் மேல் விழுகிறது. 30 முதல் 50 வயது ஆண்களிடம் அந்த நாண் அறுவது அதிகம் என்பதும், பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆட்டத்தின் நடுவில்தான் அறுகிறது என்பதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம்.

இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டத்தின் எந்தக் குணம் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்ததோ அதே குணம்தான் காலையும் கெடுத்தது. எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற முடிவை ஆட்டம் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால் மன உறுதி தேவைப்படுவதில்லை. அதனாலேயே பிரேக்கும் கையில் இல்லை. 19-19-இல் இருக்கும்போது எந்த மனிதனும் கெண்டைக்காலைக் கேட்டு ஸ்மாஷ் அடிப்பதில்லை. ஜிம் இதற்கு நேர் எதிர். எடையைக் கிராம் கணக்கில் வைக்கலாம், எந்த நொடியிலும் கீழே வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு செட்டையும் நாமே தொடங்கிவைக்க வேண்டும்.

இதே சமயத்தில் குழுவும் ஆட்டம் கண்டது. நான்கு பேர், ஒவ்வொருவரும் ஐந்துக்கு நான்கு நாள் வரக்கூடியவர்கள். நல்ல ஆட்கள்தான். ஆனால் நால்வரும் ஒரே நாளில் வருவதற்கான வாய்ப்பு 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் வரும் 41 சதவீதம். பாதி நாளுக்கு மேல் யாரோ ஒருவர் இல்லாமல் மூவர் கோர்ட்டில் நிற்பார்கள். "நம்ம பசங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஆரம்பிக்கும் மனக்கசப்பு உண்மையில் பெருக்கல் கணக்கில் பிறந்தது. பெயர்ப்பட்டியல் 5 ஆனால் குறைந்தது 4 பேர் வரும் வாய்ப்பு 74 சதவீதம். 6 ஆனால் 90. 7 ஆனால் 97. மழை, நீண்ட விடுமுறை போன்று எல்லோரையும் ஒரே நாளில் தடுக்கும் காரணங்கள் இந்தக் கணக்கில் வராது என்பதால் நிஜத்தில் சற்றுக் குறையும்.

மாற்றி அமைத்தது

யோசனை ஒன்றுதான். வருவதற்கான காரணத்தை ஆட்டம் தரட்டும். ஆட்டத்தால் தர முடியாத அளவுக் கட்டுப்பாட்டை ஜிம் தரட்டும். ஜிம்மின் இலக்கு இனி 8 கிலோ அல்ல, இடது கெண்டைக்கால்.

ஆட்ட நாள் செவ்வாய், வெள்ளி மட்டும். 75 நிமிடம். ஜிம் புதன், ஞாயிறு, 40 நிமிடம். ஆட்டத்துக்கு மறுநாள் புதன் வைத்ததற்குக் காரணம் உண்டு: வியாழன் முழு ஓய்வாக மிஞ்சி வெள்ளிக்குக் கால் புதிதாக இருக்கும். எதிர்மாறாக வியாழன் ஜிம் வைத்தால் வெள்ளி ஆட்டத்தில் கால் கனத்துக் கிடக்கும். ஆட்டம் கெட்டால் ஜிம்மின் மேல்தான் பழி விழும், பிறகு ஜிம் நின்றுபோகும்.

ஜிம்மில் முதல் வேலை குதிகால் எழுப்பல். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, இரண்டு காலால் எழும்பி, இடது காலால் மட்டும் மெதுவாக இறங்க வேண்டும். இறங்க 3 நொடி. முழங்கால் நீட்டி 3 செட், மடக்கி 3 செட், 12 முதல் 15 ரெப். நீட்டினால் மேல் கெண்டைத் தசையும், மடக்கினால் அடியிலுள்ள தசையும் அதிகம் வேலை செய்யும். இரண்டும் ஒரே நாணில்தான் போய்ச் சேர்கின்றன. ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-இல் பிரபலமாக்கிய மூல முறை கடுமையானது: தினம் இரண்டு வேளை, நாளுக்கு 180 ரெப், 12 வாரம். பலன் தரும், ஆனால் யார் செய்வது? 2015-இல் பேயரும் கூட்டாளிகளும் டென்மார்க்கில் அதையும், வாரம் 3 முறை கனத்த எடையோடு மெதுவாகச் செய்யும் முறையையும் ஒப்பிட்டார்கள். முன்னேற்றம் இரண்டிலும் ஒரே அளவு. முறையைக் கைவிடாமல் செய்தவர்கள் இரண்டாவதில் அதிகம். நின்றுநின்று போகும் பழக்கம் உள்ளவருக்கு எதைக் கொடுப்பது என்பதில் பிறகு குழப்பமில்லை. மூன்றாவது தடவையை வெள்ளி மாலை ஆட்டத்துக்குப் பின் வீட்டுப் படியிலேயே முடித்துவிடுகிறார். இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் 5 கிலோ.

வலிக்கு விதி எழுதிக் கொடுக்கப்பட்டது. பயிற்சியின்போது வலி 10-க்கு 5-ஐத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த முறை எடையைக் குறைக்க வேண்டும், முழுக்க நிறுத்த வேண்டாம். முழு ஓய்வில் நாண் இன்னும் பலம் இழக்கும். பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல் 'டப்' என்று உணர்ந்து, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அது வேறு விஷயம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவை சுருக்கம். டம்பெல்லை மார்போடு பிடித்து ஸ்குவாட் 3 செட் 8 ரெப். இடுப்பை மடக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட் 3 செட் 8. பக்கவாட்டில் ஒரு காலை எட்டி வைத்து முழங்காலை மடக்கும் லஞ்ச் 2 செட் 8. டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கும் ஒற்றைக் கை ரோ 3 செட் 10. தோளுக்கு மேலே தூக்கும் பிரஸ் 2 செட் 10. இன்னும் 2, 3 ரெப் செய்ய முடியும் என்ற இடத்திலேயே எல்லா செட்டும் நிற்கும். தொடர்ந்து இரண்டு நாள் எல்லா ரெப்பும் சுத்தமாக வந்தால் டம்பெல்லில் 2 கிலோ, பார்பெல்லில் 2.5 கிலோ ஏறும். கடைசி 6 நிமிடம் சைக்கிள், ஒவ்வொரு 2 நிமிடத்துக்கும் ஒரு படி இறங்குமுகமாக. ட்ரெட்மில் அட்டையிலிருந்து அடிக்கப்பட்டது. அதை யாரும் தேடவில்லை.

கோர்ட்டுக்கு 12 நிமிட வார்ம்-அப். இதற்கு மாதிரி கால்பந்துக்கான ஃபிஃபா 11 பிளஸ் வார்ம்-அப்: ஓட்டம், பலமும் சமநிலையும், மறுபடி ஓட்டம் என்று சுமார் 20 நிமிடம். நார்வேயில் இளம் கால்பந்து வீராங்கனைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தன. பேட்மின்டனுக்கு அதைச் சுருக்கினோம்: 3 நிமிடம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லோட்டம், நடந்துகொண்டே லஞ்ச் காலுக்கு 8, ஒற்றைக்காலில் நிற்பது 30 நொடி, குதிகால் எழுப்பல் 15, ஷட்டில் இல்லாமல் ஆறு மூலைக்கும் போய்த் திரும்புவது 2 சுற்று, கடைசி 2 நிமிடம் அரை வேகத்தில் அடித்துப் பழகுதல். குதிப்பது கடைசியில் மட்டும். தனியாகச் செய்யச் சொன்னால் யாரும் செய்வதில்லை. குழுவில் ஒருவர் எண்ணிக்கை சொல்ல, எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் நிற்கும். காலணியையும் பார்க்க வேண்டியிருந்தது: குதிகால் தடித்த ஓட்டக் காலணியோடு ஆடிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் நிறுத்தும்போது அது கணுக்காலைப் பிரட்டிவிடும். தாழ்வான ரப்பர் அடியுள்ள கோர்ட் காலணிக்கு மாறினார்.

வாரச் சுமை இப்போது ஆட்டத்துக்கு 2 × 75 × 6 = 900, ஜிம்முக்கு 2 × 40 × 5 = 400, ஆக 1,300. ஒரு வாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஒப்பந்தம். இந்த எல்லைக்கு இறுக்கமான அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆசையைக் கட்டிப்போட ஏதாவது ஓர் எண் வேண்டும், அதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவையும் இது தொட்டுவிடுகிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, கூடவே 2 நாள் தசை பலப் பயிற்சி. கடைசியில் உள்ள அந்த 2 நாளை ஆட்டம் மட்டும் ஆடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

குழுவில் பெயர்ப்பட்டியல் 7 ஆனது. மதியத்துக்குள் வருவேன், வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். மூவர் வந்தால் ஒருவருக்கு எதிராக இருவர், தனி ஆளுக்கு அரைக் கோர்ட் மட்டும். ஆறு ஏழு பேர் வந்துவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவரோ மூவரோ வெளியே. ஜெயித்தவர் நிற்பார் என்ற வழக்கமான விதியை வைத்தால், பயிற்சி அதிகம் தேவைப்படும் ஆள்தான் அதிக நேரம் பெஞ்சில் உட்காருவார். ஒரு மாதத்தில் அவர் வருவதை நிறுத்துவார். பலமானவரோடு பலவீனமானவரை ஜோடி சேர்த்து ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜோடியை மாற்றினார்கள். அப்படியும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் 5 புள்ளி முன்னிலை கொடுத்துத் தொடங்கினார்கள். 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கோஹ்லர் துடுப்புப் படகோட்டிகளிடம் கவனித்தது இதற்குத் துணை நிற்கிறது: தன்னைவிடச் சற்றே பலமான கூட்டாளியோடு சேரும் பலவீனமானவர் தனியாக உழைப்பதைவிடக் கூடுதலாக உழைப்பார். 'சற்றே' என்ற சொல் முக்கியம். இடைவெளி மிகப் பெரிதானால் கையை விரித்துவிடுவார்.

ஜிம் நாளுக்கு ஊக்க உரை எதுவும் கொடுக்கப்படவில்லை. 2002-இல் மில்ன், ஆர்பெல், ஷீரன் மூவரும் மாணவர்களிடம் செய்த சோதனையில், ஊக்கமூட்டும் தகவலைப் படித்தவர்களில் 35 சதவீதம் பேர்தான் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள்; எதுவும் பெறாதவர்களில் 38 சதவீதம். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தவர்களில் 91 சதவீதம். ஆகவே இவர் அட்டையின் மேல் எழுதியது ஒரு வரி: "புதன் மாலை அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே ஜிம், ஞாயிறு காலை பல் துலக்கியதும் ஜிம்." முடியாத நாளுக்கும் ஒரு வரி: "10 நிமிடம், கெண்டைக்கால் மட்டும்." பிலிப்பா லாலி குழுவின் ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க ஆன நாட்களின் நடுமதிப்பு 66; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது கணக்கைக் கெடுக்கவில்லை. மூன்றாவது மாதத்தில் தளர்பவர், பெரும்பாலும், வாசல் வரை வந்துவிட்டுத் திரும்புகிறவர்.

இந்த மருந்து ஒத்துவராதவர்கள்

போட்டி என்றாலே வயிறு கலங்குகிறவர்கள் உண்டு. பள்ளியில் அணி பிரிக்கும்போது கடைசியாகக் கூப்பிடப்பட்டவர்களுக்கு அந்த நினைவு நாற்பதிலும் போகாது. மாறிமாறி வரும் வேலை நேரத்தில் இருப்பவர்களுக்குக் குழு அமைவதில்லை. இவர்களைக் கோர்ட்டுக்குத் தள்ளினால் ஜிம்மில் நடந்ததே அங்கேயும் நடக்கும். இவர்களுக்கு ஜிம்மையே ஆட்டமாக்க வேண்டியிருக்கிறது: ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிரஸ் என்று மூன்றே மூன்று எண்கள், ஒரு நோட்டு, 8 வாரத்துக்கு ஒருமுறை சோதனை நாள், முடிந்தால் அதே நேரத்துக்கு வரும் ஒரு துணை. போன வாரத்து நான்தான் எதிராளி. முதல் சில வாரங்களில் எண் வேகமாக ஏறுவது தசை பருப்பதால் அல்ல, நரம்புகள் தசையை நன்றாகக் கூட்டிவைக்கக் கற்றுக்கொள்வதால். அந்த ஏற்றம் மந்தமாகும்போது மனம் சோரும். அப்போது 2.5 கிலோ தட்டை விட்டுவிட்டு 1.25 கிலோ தட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

பிடித்த ஒலிநூலை ஜிம்மில் மட்டும் கேட்பது என்ற தந்திரமும் உண்டு. மில்க்மனும் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட சோதனையில் தொடக்கத்தில் வருகை 51 சதவீதம் கூடியது. நீண்ட விடுமுறை ஒன்று வந்ததும் கரைந்தது. தொடங்கிவைக்க நல்லது, தாங்கிப்பிடிக்காது.

எந்தப் பக்கம் சாய்பவர் என்று தெரிந்துகொள்ள வினாப்பட்டியல் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று எண்ணினால் போதும்.

இருபத்தாறாவது வாரம்

எடை 80.5 கிலோ. கோர்ட் திறந்திருந்த ஆட்ட நாட்களில் பெரும்பாலும் வந்திருக்கிறார். இடையில் தரை வேலைக்காகக் கோர்ட் 3 வாரம் மூடிக் கிடந்தது. இந்த நிகழ்வின் உண்மையான சோதனை அதுதான்; ஆட்டம் இல்லாதபோது ஜிம்மும் சேர்ந்து சரியும் என்று எதிர்பார்த்தோம். ஜிம்முக்கு 6 நாளில் 6 நாளும் வந்திருக்கிறார். குழுவில் கேட்பார்களே என்பதற்காக அல்ல, அங்கே யாரும் கேட்கவில்லை. நோட்டில் இடது காலுக்கு நேரே ஓர் எண் இருந்தது, அதை நகர்த்த வேண்டியிருந்தது.

பிடிமானமாகச் சுவரில் விரல் வைத்து, ஒற்றைக்காலில் முழு உயரத்துக்கு எழும்பும் சோதனையில் வழக்கமாக எதிர்பார்க்கும் அளவு 25. தொடங்கியபோது வலது 19, இடது 11. இப்போது வலது 26, இடது 21. ஆட்டத்துக்கு மறுநாள் காலை முதல் இரண்டு மூன்று அடியில் விறைப்பு இன்னும் இருக்கிறது. மூன்றாவது ஆட்ட நாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார். இடது கால் 25-ஐத் தொடும் வரை அந்தப் பேச்சுக்கு வாய்தா.